நாற்பத்தொன்றாவது கல்

எங்கள் வீட்டில் ரொட்டி வெட்டுவதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் வெட்ட வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். காலையில் பேக்கரியிலிருந்து வரும் நீள ரொட்டியை அப்பா மேசை நடுவில் வைத்துக் கத்தியை என் கையில் கொடுப்பார். நான் வெட்டுவேன், அண்ணன் எடுப்பான். முதலில் எடுக்கிற உரிமை அவனுக்கு என்பதால் எனக்குப் பெரிய துண்டு வரும்படி வெட்டிக்கொள்ள வழியே இல்லை. அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சரியாக நடுவில் வெட்டுவேன். அப்பா இரண்டு துண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்துவிட்டு "எகால்" என்பார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பாதி ஆயுளைக் கழித்தவர். சமம் என்ற சொல் அவர் வாயில் ஒருநாளும் தமிழில் வந்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் இந்தச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தபோதுதான் நடந்தது. சட்டத்தின்மேல் பழியைப் போடப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பழி யார்மேல் என்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இத்தனை வருடம் ஓட்டியாகிவிட்டது.

அப்பா ஒரு சொல்தா. புதுச்சேரியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஊருக்கு வந்து பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர். மற்ற சொல்தாக்கள் விடுமுறையில் வரும்போது ரேடியோவும் சென்ட் பாட்டிலும் கண்ணாடிக் கிண்ணமும் கொண்டுவந்தார்கள். எங்கள் அப்பா கல் கொண்டுவந்தார். அல்ஜீரியாவிலிருந்து ரோஜாப்பூ வடிவில் மணல் கல். ஜிபூட்டியிலிருந்து கட்டம் கட்டமாய் உறைந்த உப்பு. மடகாஸ்கரிலிருந்து அந்த நீலக்கல். பெட்டியைத் திறந்ததும் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு சென்ட் பாட்டிலோடு திரிந்தபோது அவளுக்கு வந்தது எல்லாம் பாறை.

"ஏம்பா கல்லு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ரேடியோ எடுத்தாந்தா சொந்தக்காரன் ஒவ்வொருத்தனும் எனக்குக் குடு, உனக்குக் குடும்பான். கல்லை எவன் கேப்பான்?" என்றார்.

அவருக்கு அந்தக் கற்களின் பெயர்கூடத் தெரியாது. சிவப்புக்கல், மினுக்குக்கல், நீலக்கல், அவ்வளவுதான். பெயர் கண்டுபிடித்தது நான். வேதியியல் படித்துவிட்டு புதுச்சேரியிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் தூக்குவாளியைத் திறக்கும்போது நான் கைப்பையிலிருந்து கல்லை எடுப்பேன். நீலக்கல்லிலிருந்து உதிர்ந்த துணுக்கைப் பொடித்து, கம்பியில் அமிலம் தொட்டு ஒற்றி, சுடரில் காட்டிய நாள் இன்றும் நினைவிருக்கிறது. சுடர் குங்குமச் சிவப்பாய் எரிந்தது. நீலக்கல்லுக்குள்ளிருந்து சிவப்பு. ஸ்ட்ரான்ஷியம் என்று தெரிந்துவிட்டது. பிறகு புத்தகம் புரட்டி, கல்லின் பெயர் செலஸ்டைன் என்று கண்டுபிடித்து, வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். "அப்டியா?" என்று கேட்டுவிட்டு டிவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

வெளியிலிருந்து பார்த்தால் அது சின்னப் பூசணிக்காய் அளவில் ஒரு மண்கட்டி. ஒரு பக்கம் உடைந்து வாய் திறந்திருக்கும். உள்ளே குடைவு முழுக்க நீலப் படிகங்கள், ஒவ்வொன்றும் விரல் கணு நீளம், முனை சீவிவிட்ட மாதிரி. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் ஒரே ஒரு துளியை ஒரு வாளித் தண்ணீரில் விட்டால் வருமே, அந்த நிறம். தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்கும். அவ்வளவு கனம் இருந்தும் திடமில்லாத கல். காசால் கீறினால் கோடு விழும். தட்டினால் தகடு தகடாகப் பிளக்கும். சூடு ஆகாது. வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் நீலம் வெளுத்துப்போகும் என்று படித்ததால் அலமாரிக்குக் கறுப்புத் திரை தைத்துப் போட்டேன்.

புதுச்சேரியில் சாரம் பகுதியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருந்தது. அம்மா காலத்தில் பீங்கான் தட்டுகள் இருந்த இடம். அம்மா போனபிறகு அதைக் கற்களுக்கு எடுத்துக்கொண்டேன். அலமாரியில் நாற்பத்தோரு கல், இடம் போதாமல் உள்ளறையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தச்சரிடம் சொல்லி மரப்பீடம் செய்துகொண்டேன். எந்தப் பக்கம் முன்னால் வந்தால் முனைகள் ஒளியை வாங்கும் என்று பார்த்துப் பார்த்துத் திருப்பி, அடியில் மெழுகு வைத்து நிறுத்துவேன். அரை விரல் திருப்பினால் போதும், செத்த கல் உயிர் பெறும். தூசு தட்டுவது அப்பாவின் பழைய சவரப் பிரஷால். செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை ஆபீசில் எல்லாரிடமும் கேட்டு வாங்கி மூலைக்கு மூலை வைத்தேன். கடற்கரை ஊரில் கல்லுக்கும் சளி பிடிக்கும்.

அந்த உப்புக் கல்லைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு ஐப்பசி மழையில், நான் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தபோது, வியர்த்து வியர்த்துப் பீடத்தில் ஒழுகிவிட்டது. அதன் சீட்டை மட்டும் அங்கேயே விட்டுவைத்தேன். ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் ஒரு சீட்டு இருந்தது: பெயர், எந்த ஊர், யார் கொண்டுவந்தது, எப்படிக் கைக்கு வந்தது. இந்த நான்கும் இல்லாத கல் தெருவில் கிடக்கும் ஜல்லிக்குச் சமம் என்பது சேகரிப்பவர்களின் எண்ணம். நானும் அப்படித்தான் நினைத்தேன். உப்பு போனபிறகு உள்ளறையில் இருந்த அந்த ஒரு கல்லை எடுத்துவைத்து மறுபடியும் நாற்பத்தொன்று ஆக்கினேன்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? "ராசிக்கல்லா?" என்பார்கள். "மோதிரத்துல வெக்கலாமா?" என்பார்கள். தூரத்து அத்தை ஒருத்தி நீலக்கல்லைப் பார்த்துக் கற்கண்டு என்று நினைத்து, நான் காபி போடப் போன நேரத்தில் ஒரு துணுக்கை வாயில் போட்டுப் பார்த்துவிட்டாள். என் கல்யாணப் பேச்சு மூன்றுமுறை வந்தது, மூன்றுமுறை போனது. அதில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் அலமாரியைப் பார்த்துவிட்டு "பொண்ணுக்கு ஏதாவது மாந்திரீகம் உண்டா?" என்று விசாரித்தார்களாம். கேட்டு நான் சிரித்தேன். அன்று சிரிப்பு வந்தது.

அண்ணன் பத்தொன்பது வயதில் பிரான்சுக்குப் போனான். எனக்கும் அதே பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தது, அலமாரியின் கீழ்த்தட்டில். அப்பாவோடு யாராவது இருக்க வேண்டும் என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவான விஷயம். யாரும் சொல்லாததால் யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

அவன் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை வருவான். வந்தால் சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, நான் சவரப் பிரஷும் கையுமாக நிற்பதைப் பார்த்துச் சொல்வான்.

"இன்னும் இந்தக் குப்பைய எல்லாம் வெச்சினு கீறியா பாப்பா? இதுக்கு ஒரு ஞாயித்துக்கெழம வேற."

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் கழித்து வந்தபோது குப்பை என்று சொல்லவில்லை. திரையை விலக்கி நீலக்கல் முன்னால் வெகுநேரம் நின்றான். பாரீசில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் இதேபோல் ஒன்றைப் பார்த்தானாம். அதற்குத் தனி விளக்கு, தனி மேடை. "நம்ம வூட்ல கெடக்குற மாதிரியே கீதேன்னு அசந்து பூட்டேன்" என்றான். கெடக்குற. அந்தச் சொல்லைக் கேட்டதும் திரையை இழுத்து மூடினேன்.

அப்பாவுக்கு அதற்கு அடுத்த வருடம் பக்கவாதம் வந்தது. இரண்டு வருடம் படுக்கை. கட்டிலைக் கூடத்தில் போட்டிருந்தேன். அவர் கற்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. கூடத்தில்தான் நல்ல மின்விசிறி இருந்தது. புரட்டிப் போடுவது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, பிறகு கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுவது. அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்தான். "நல்லா பாத்துக்கோ" என்றான். பார்த்துக்கொண்டேன். ஒரு காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தபோது போய்விட்டிருந்தார்.

காரியத்துக்கு அண்ணன் வந்தான். பதினாறாம் நாள் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாள், எங்களுக்குள் பிரிப்பது தொடங்கியது. வீட்டைப் பற்றி எங்களுக்குள் சண்டையே வரவில்லை. "நீ இருக்குற வரைக்கும் நீ இரு" என்று சொல்லிவிட்டான். அதைப் பெருந்தன்மையாகத்தான் சொன்னான், பெருந்தன்மைதான் அது. எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. நான் இருந்துகொண்டிருந்த வீட்டில் என்னை இருக்கச் சொன்னான்.

"கல்லுங்கள இன்னா பண்றது?" என்றான்.

"இன்னா பண்றதுன்னா?"

"ஆளுக்குப் பாதி. நான் ஒண்ணு எடுக்கறேன், நீ ஒண்ணு எடு."

அவை அப்பாவுடையவை, அதில் வாதமே இல்லை. ஆனால் சீட்டும் பீடமும் திரையும் இருபது வருட ஞாயிற்றுக்கிழமையும் யாருடையவை? அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் அவன் தட்டிக்கொடுத்திருப்பான். அது எனக்கு வேண்டாம். சரி என்று சொல்லிவிட்டு அலமாரிக் கதவைத் திறந்தேன்.

அந்த ஒரு மணி நேரத்தை நான் ரசித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அவன் பெரிய பெரிய கல்லாக எடுத்தான். பளபளவென்று தேய்த்த, சாயம் ஏற்றிய வளையக் கல்லை ஆசையாகத் தூக்கினான். அது எந்தக் கடைத்தெருவிலும் கிடைக்கும். நான் கட்டைவிரல் அளவில் மங்கலாக இருந்த ஒரு பச்சைப் படிகத்தை எடுத்தேன். "இதப் போயா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அப்படியே மாறி மாறி எடுத்து, அவன் பக்கம் இருபது, என் பக்கம் இருபது என்று ஆயிற்று. அலமாரியில் நீலக்கல் மட்டும் இருந்தது. முறைப்படி அடுத்து அவன்தான், ஆனால் ஆளுக்குப் பாதி என்ற கணக்கு இருபதோடு முடிந்துவிட்டது. முதல் முறையிலேயே அவன் எடுத்திருக்கலாம். இரண்டாம் முறையில் நான் எடுத்திருக்கலாம். இருவருமே அதைத் தொடவில்லை. தொட்டால் அடுத்தவர் என்ன சொல்வாரோ என்ற பயம்.

"இது எனக்கு வேணும் பாப்பா. அப்பா ஞாபகமா" என்றான்.

"எனக்கும்தான் வேணும்."

"நீ இத்தினி வருசம் பாத்துனுதான இருந்த?"

பார்த்துக்கொண்டு இருந்தேனாம். "பாத்துக்கினு" இருந்தது கல்லை மட்டுமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். வேண்டுமானால் என்னைக் கொன்றுபோட்டு எடுத்துக்கொண்டு போ என்கிற மாதிரி நின்றேன். அவன் முகமும் இறுகிவிட்டது. பிறகு, ஏதோ நல்ல வழி கண்டுபிடித்தவனாக, சின்ன வயதுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்தான்.

"அப்பா சட்டம்தான் கீதே. நீ அறு, நான் எடுக்கறேன்."

இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். அவனுக்கு எதுவும் தெரியாது. கல் என்றால் கிரானைட் போலத்தான் இருக்கும், அறுத்தால் இரண்டாகும், ஆளுக்கொரு குடைவு கிடைக்கும் என்று நம்பினான். "அறுத்தா நிக்காது, தூளாப் பூடும்" என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும், விட்டிருப்பான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் விட்டிருந்தால் அடுத்த வாக்கியம் என்னவாக இருந்திருக்கும்? "அப்ப நான் எடுத்துக்கறேன்" என்றிருப்பான். விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு போய், ஹீட்டர் பக்கத்தில், ஜன்னல் வெயிலில் வைத்திருப்பான். எங்கேயோ ஓரிடத்தில் முழுதாக இருந்திருக்கும். எனக்கு அது போதவில்லை.

"சரி. அறுக்கறேன்" என்றேன்.

என் கம்பெனிக்கு நான்கு கட்டடம் தள்ளி ஒரு கிரானைட் அறுக்கும் பட்டறை இருந்தது. அங்கே எடுத்துப்போவதற்கு முன் கல்லின் குடைவுக்குள் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றினேன். அதிர்வில் படிகங்கள் உதிராமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். நான் வேதியியல் படித்தவள். அந்த மாவு இறுகும்போது சூடாகும், கொஞ்சம் வீங்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். விரல் சொடுக்குகிற மாதிரி. பிறகு இன்னொன்று. எண்ணவில்லை. எழுந்துபோய் டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். முதலாளி உள்ளே அறையில் இருந்தார். பெரிய வட்ட ரம்பத்தருகே நின்றவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, புருவமெல்லாம் கல்தூள். கல்லை வாங்கி ஒரு பக்கம் சாய்த்தார். முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார்.

"எம்மா, இது வேற மாதிரி கீதுமா. உள்ள பொருபொருங்குது. பிளேடுல வெச்சா தாங்காது."

"தாங்கும்."

"இல்லமா, நான் சொல்றது கேளு. முப்பது வருசமா இந்தச் சத்தம்தான் கேட்டுக்கினு கீறன். இத்த அப்டியே வூட்டுக்கு எடுத்துனு பூடு."

புத்தகத்தில் படித்து, அமிலம் தொட்டு, சுடரில் காட்டி நான் தெரிந்துகொண்டதை அந்த மனிதர் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டித் தெரிந்துகொண்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. என் ரகசியத்தைப் பிடித்துவிட்டவர்மேல் வரும் கோபம்.

"நான் லேப்ல வேல செய்றேன். எனக்குத் தெரியும். தாங்கும், போடுங்க."

லேப் என்றதும் அவர் வாயை மூடிக்கொண்டார். படித்த பெண்பிள்ளை சொல்கிறாள், இனி என்ன? கல்லைத் துணியில் சுற்றி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, தண்ணீரைத் திறந்து, ரம்பத்தை மெல்ல மெல்ல இறக்கினார். அவ்வளவு மெதுவாக அந்தப் பட்டறையில் எதையும் அறுத்திருக்க மாட்டார்கள். மண் ஓடு ஒழுங்காகத்தான் அறுந்தது. ஒரு அங்குலம் போனதும் சத்தம் மாறியது. அவர் சட்டென்று ரம்பத்தைத் தூக்கினார், ஆனால் அதற்குள் கல் துணிக்குள்ளேயே சரிந்து இறங்கிவிட்டது. கீழே ஓடிய தண்ணீர் பால் வெள்ளையாக இருந்தது, அதில் நீலச் சில்லுகள் மினுங்கிக்கொண்டு சாக்கடையை நோக்கிப் போயின.

அதே நேரம் அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினான். வேடிக்கை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். துணியைப் பிரித்துப் பார்த்தான். பிறகு அந்த மனிதரைப் பார்த்துக் கத்தினான். பிரெஞ்சும் தமிழும் கலந்து கத்தினான். சத்தம் கேட்டு முதலாளி வெளியே வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. பிரான்சிலிருந்து வந்தவர் கத்துகிறார், அது போதும் அவருக்கு.

"எத்தினி வாட்டி சொல்லிக்கிறன் உனக்கு? கண்ணு தெரியலன்னா சொல்லிட்டு வூட்ல கெடக்கறதுதான? பொருள் இன்னான்னு பாத்து எறக்க மாட்ட?"

ரம்பத்தருகே நின்றவர் தண்ணீரை மூடினார். என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறைதான். கெஞ்சவில்லை, முறைக்கவுமில்லை. நீ சொல்லுவாய் அல்லவா என்று காத்திருந்தார்.

நான் கீழே குனிந்து சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"உடு பாப்பா. நீ இன்னா பண்ணுவ" என்று அண்ணன் என் முதுகில் கை வைத்தான். அந்தக் கையை இப்போதும் என் முதுகில் உணர முடிகிறது.

அன்று மதியம் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, மிஞ்சியதைக் கொட்டி, இரண்டு குவியலாகப் பிரித்தேன். பெரிய சில்லு இதில் ஒன்று என்றால் அதில் ஒன்று. பொடிக்குப் பொடி. அண்ணன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றைத் தன் பக்கம் இழுத்தான். "எகால்" என்றான். சொல்லிவிட்டு அழுதான். அப்பா செத்ததற்குக்கூட அப்படி அழவில்லை. அவன்மேல் எனக்கு இருந்த அத்தனை வருடக் கோபமும் அந்த நிமிடம் போக்கிடம் தெரியாமல் நின்றது. அவனைக் கட்டிக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். காபி போடட்டுமா என்று கேட்டேன்.

அவன் போய் ஒரு மாதத்தில் போட்டோ வந்தது. கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் நீலச் சில்லுகள், டிவிக்குப் பக்கத்தில், ஜன்னல் வெயிலில். 'வருகிறவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்கிறார்கள்' என்று பின்னால் எழுதியிருந்தான். என் பங்கு ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. அதை நான் திறப்பதில்லை.

அந்த மனிதரை ரம்பத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பலகைக் கற்களை லாரியில் ஏற்றும் வேலைக்குப் போட்டார்கள். கம்பெனி வேன் அந்தப் பட்டறையைத் தாண்டித்தான் போகும். தினம் காலையில் பார்ப்பேன், அந்த வயதில் இன்னொருவரோடு சேர்ந்து பலகையைத் தோளில் தாங்கி நடந்துகொண்டிருப்பார். முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று ஒருநாள் முடிவு செய்து வேனிலிருந்து இறங்கினேன். வாசல்வரை போனேன். என்னைப் பார்த்ததும் அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எம்மா, உன்னிய எப்டி புடிக்கறதுன்னு பாத்துக்கினு இருந்தன்" என்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். "மெசினுக்கு அடியில சகதி அள்ளசொல்லோ கெடைச்சிது. உன்துதான்."

பிரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு படிகம். விரல் கணு நீளம், முனை கொஞ்சமும் உடையாமல், முழுசாக. அதைக் கழுவித் துடைத்துப் பத்திரமாக மடித்து, எத்தனை நாளாகச் சட்டைப் பையில் வைத்திருந்தாரோ. நன்றி சொன்னேன். வந்த காரியத்தைச் சொல்லவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் திரும்பிவிட்டேன். அதற்கடுத்த வாரத்திலிருந்து வேனில் மறுபக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

அந்தப் படிகம் இன்று அலமாரியின் நடுத்தட்டில் இருக்கிறது. நல்ல பீடம், சரியான கோணம், முகப்பில் விளக்கு. என்னிடம் இருப்பதிலேயே அழகானது அதுதான், பார்க்கிறவர்கள் எல்லாரும் அதனிடம்தான் முதலில் போகிறார்கள். அதற்கு மட்டும் சீட்டு இல்லை. பெயர் எழுதிவிடலாம், ஊர் எழுதிவிடலாம். யார் கொண்டுவந்தது என்பதற்கு அப்பா என்று எழுதுவதா, அந்த மனிதர் என்று எழுதுவதா தெரியவில்லை. அவர் பெயரை நான் கேட்கவேயில்லை. எப்படிக் கைக்கு வந்தது என்ற வரிக்கு மேல் பேனா போவதில்லை.

அப்பாவின் திதியன்று அண்ணன் தவறாமல் போன் செய்வான். பிள்ளைகள், மூட்டுவலி, அங்கே குளிர், இங்கே மழை எல்லாம் பேசி முடித்து வைக்கப்போகும் நேரத்தில் பெருமூச்சு விடுவான்.

"அந்த ஆளு மட்டும் ஒழுங்கா அறுத்திருந்தா, இன்னிக்கி ஆளுக்குப் பாதி முழுசா இருந்திருக்கும், இல்ல பாப்பா?"

"ஆமாண்ணா" என்பேன். இந்த வருடமும் சொன்னேன்.